இறைச்சியைப் பார்த்த சட்டம், அறுத்தவனைப் பார்க்கவில்லை: அப்டன் சின்கிளேயரின் கதை

மூன்று வருடங்களுக்கு முன்னர் வடக்கிலுள்ள ஒரு சிறு நகரத்தின் கொல்களம் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதிகாலை நான்கு மணிக்கு அங்கு போயிருந்தேன். இரத்தமும் தண்ணீரும் வடிந்தோட வழியில்லாமல் தேங்கிக் கிடந்தன. உரித்த இறைச்சியைச் சாக்கின் மேல் கிடத்தியிருந்தார்கள். முத்திரை குத்த வேண்டியவர் வந்து சேருவதற்கு முன்னரே இறைச்சி முச்சக்கர வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் படங்களோடு எழுதினேன். கட்டுரையைப் பலர் பகிர்ந்தார்கள். ஒரு வாரத்துக்குள் கொல்களம் மூடப்பட்டது. வடிகால் வெட்டி, நிலத்துக்கும் சுவருக்கும் மாபிள் பதித்து, ஆறு வாரங்களின் பின்னர் மறுபடியும் திறந்தார்கள். எனக்குப் பாராட்டுகள் கிடைத்தன.

அதே கட்டுரையில், அங்கு இருபது வருடங்களாக மாடு உரிக்கும் ஓர் அண்ணையைப் பற்றியும் இரண்டு பந்திகள் எழுதியிருந்தேன். அவரது இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. கையுறையோ பூட்ஸோ எவரும் வாங்கிக் கொடுத்ததில்லை. வேலை செய்தால்தான் அன்றைய கூலி. கட்டுரையை வாசித்தவர்களில் ஒருவர்கூட அவரைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது, இனி எந்தக் கடையில் இறைச்சி வாங்கலாம் என்பதைத்தான். கொல்களம் மூடிக் கிடந்த ஆறு வாரமும் அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்பதை நானும் பிறகுதான் அறிந்தேன்.

அந்த நாட்களில்தான் அப்டன் சின்கிளேயரைத் திரும்ப எடுத்து வாசித்தேன். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்தபோது புலனாய்வு இதழியலின் முன்னோடிகளில் ஒருவர் என்று அவரது பெயர் வரும். ஒரு நாவல் எழுதி அமெரிக்காவின் இறைச்சிச் சட்டத்தையே மாற்றியவர் என்று குறிப்பெடுத்துப் பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வெற்றியைத் தன் தோல்வி என்றே அவர் வாழ்நாள் முழுவதும் எண்ணியிருந்தார் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

இரண்டு வீட்டுப் பிள்ளை

சின்கிளேயர் 1878ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தை மதுபான விற்பனை முகவர். விற்ற சரக்கே அவரைக் குடித்தது. வாடகை கொடுக்க முடியாமல் மலிவான விடுதி அறைகளுக்கு மாறி மாறிக் குடிபோன குடும்பம் அது. மூட்டைப்பூச்சிக் கட்டிலில், பெற்றோரின் கால்மாட்டில் குறுக்காகப் படுத்து உறங்கிய இரவுகள் அவருக்கு நினைவிருந்தன. தாயின் உறவினர்களோ பெரும் வசதி படைத்தவர்கள். பணம் முடிந்துபோகும்போது தாய் அவரை அங்கு கூட்டிச் செல்வார். ஒரு கிழமை பட்டு மெத்தை, மறு கிழமை மூட்டைப்பூச்சி. ஒரே குடும்பத்துக்குள் இப்படி ஒரு பிளவு ஏன் என்ற கேள்வி அந்த வயதிலேயே தனக்குள் எழுந்ததாக அவர் பின்னாளில் எழுதினார்.

குடும்பம் நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்தது. பதினான்கு வயதாவதற்குச் சில நாட்கள் இருக்கும்போதே நியூயோர்க் நகரக் கல்லூரியில் சேர்ந்தார். சஞ்சிகைகளுக்கு நகைச்சுவைத் துணுக்குகளும் சிறுவர்களுக்கான மலிவு விலைச் சாகசக் கதைகளும் எழுதித் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டார். 1900இல் திருமணம், அடுத்த வருடம் ஒரு மகன். இலக்கிய நாவல்கள் எழுதத் தொடங்கிய பின்னர் வருமானம் இல்லை. குளிரிலும் கடனிலும் கிடந்த அந்த வருடங்களில்தான் அவர் சோஷலிசக் கருத்துகளை நெருங்கினார்.

1904இல் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பின்னணியாகக் கொண்டு அவர் எழுதிய நாவல் வெளிவந்தது. அதை வாசித்த 'அப்பீல் டு ரீசன்' என்ற சோஷலிச வாரப் பத்திரிகையின் ஆசிரியர், கறுப்பின அடிமைகளைப் பற்றி எழுதியவர் தொழிற்சாலைகளின் கூலி அடிமைகளைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டு, 500 டொலர் முன்பணம் கொடுத்தார். அந்த வருடக் கோடையில் சிக்காகோ இறைச்சித் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தம் தோற்று முடிந்திருந்தது. சின்கிளேயர் சிக்காகோவுக்கு ரயில் ஏறினார். அப்போது அவருக்கு 26 வயது.

ஏழு வாரங்கள்

சிக்காகோவின் கால்நடைச் சந்தை 1865இல் திறக்கப்பட்டது. நாட்டின் நாலாபுறமும் இருந்து ரயிலில் வரும் மாடுகளும் பன்றிகளும் ஆடுகளும் அங்கு இறக்கப்படும். சந்தையைச் சுற்றிப் பெரும் நிறுவனங்களின் கொல்களங்களும் ரின்னில் அடைக்கும் ஆலைகளும் நின்றன. கொன்ற விலங்கு தலைகீழாகத் தொங்கியபடி நகரும். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வெட்டை மட்டும் நாள் முழுவதும் வெட்டுவார்கள். வரிசையின் வேகத்தை நிர்வாகம் தீர்மானிக்கும். கையில் கத்தியோடு அந்த வேகத்தைப் பிடிப்பது தொழிலாளியின் பாடு. அவர்களில் பெரும்பாலானோர் லிதுவேனியா, போலந்து, ஸ்லோவாக்கியா போன்ற இடங்களிலிருந்து வந்த, ஆங்கிலம் தெரியாத குடியேறிகள்.

சின்கிளேயர் ஏழு வாரங்கள் அங்கு தங்கினார். அவரிடம் இருந்த பழைய உடுப்பே வேடமாகியது. கையில் ஒரு சாப்பாட்டு வாளியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எந்த வாசலிலும் எவரும் மறிக்கவில்லை. பகலில் ஆலைகளைப் பார்த்தார், இரவில் தொழிலாளர்களின் வீடுகளில் உட்கார்ந்து கேட்டார். மருத்துவர்களையும் மதகுருமாரையும் மதுக்கடைக்காரர்களையும் சந்தித்தார். 'லான்செட்' மருத்துவ இதழுக்காக அதே ஆலைகளை ஆராய வந்திருந்த அடோல்ஃப் ஸ்மித் என்ற ஆங்கிலேயரையும் சந்தித்தார். தான் கண்டது மிகைப்படுத்தல் அல்ல என்ற உறுதியை அவரிடமிருந்து பெற்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை ஒன்றின் பின்னறையில் லிதுவேனியர்களின் கல்யாணக் கொண்டாட்டம் நடந்தது. உள்ளே போய் ஒரு மூலையில் அமர்ந்தவர் இரவு வரை எழும்பவில்லை. தன் நாவலின் மாந்தர்கள் எல்லோரையும் அந்த அறையிலேயே கண்டுவிட்டார். நியூஜேர்சியின் பிரின்ஸ்டன் அருகே ஒரு சிறு குடிலுக்குத் திரும்பி, நத்தார் தினத்தில் எழுதத் தொடங்கினார். அவரது மனைவியும் பிள்ளையும் நோயிலும் குளிரிலும் வாடிய காலம் அது. நாவலில் வரும் குடும்பத்தின் துயரத்துக்குள் தன் வீட்டின் துயரத்தையும் ஊற்றினார்.

'த ஜங்கிள்' 1905 பெப்ரவரியிலிருந்து வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. யூர்கிஸ் என்ற லிதுவேனிய இளைஞன் புதுநாட்டில் உழைத்தால் முன்னேறலாம் என்று நம்பி வருகிறான். உப்பிடும் அறையில் இரசாயனத் தண்ணீரில் நின்று வேலை செய்யும் தகப்பன் நோயில் சாகிறார். மனைவி பிரசவத்தில் சாகிறாள். குழந்தை தெருவில் தேங்கிய வெள்ளத்தில் மூழ்கிப் போகிறது. அந்த மனிதர்கள் அறுக்கும் இறைச்சிக்கு என்ன நடக்கிறது என்பது நாவலின் மிகச் சில பக்கங்களில்தான் வருகிறது. காசநோய் பிடித்த மாடுகள், பழுதாகி இரசாயனம் தடவித் திரும்ப விற்பனைக்குப் போகும் இறைச்சி, எலிகளும் எலிக்கு வைத்த நஞ்சும் சேர்ந்து அரைபடும் சொசேஜ் ஆகியவை அந்தப் பக்கங்களில் உள்ளன.

ஜனாதிபதியின் மேசை

ஒரு பெரிய பதிப்பகம், கொடூரமான பகுதிகளை வெட்டினால் வெளியிடுவதாகச் சொன்னது. சின்கிளேயர் மறுத்தார். டபிள்டே பேஜ் நிறுவனம் முதலில் தன் ஆளைச் சிக்காகோவுக்கு அனுப்பி உண்மையைச் சரிபார்த்தது. அதன் பின்னரே 1906 பெப்ரவரியில் நூலை வெளியிட்டது. சில வாரங்களில் நாடே அதைப் பேசியது.

ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டுக்குச் சோஷலிசவாதிகளைப் பிடிக்காது. ஆனால் கெட்டுப்போன ரின் இறைச்சியை அவர் அறிவார். 1898இல் ஸ்பெயினுடனான போரில் அவரது படையினருக்கே அது வந்து சேர்ந்திருந்தது. முதலில் விவசாயத் திணைக்களம் தன் ஆட்களை அனுப்பியது. அவர்கள் நாவலாசிரியர் மிகைப்படுத்துகிறார் என்று அறிக்கை கொடுத்தார்கள். ரூஸ்வெல்ட் அதை நம்பாமல், தொழில் ஆணையாளர் சார்ல்ஸ் நீல், சமூகச் சீர்திருத்தவாதி ஜேம்ஸ் ரெனோல்ட்ஸ் ஆகிய இருவரைத் தனியாக அனுப்பினார். செய்தி கசிந்து, நிறுவனங்கள் இரவு பகலாக ஆலைகளைக் கழுவத் தொடங்கிவிட்டன.

அப்படிக் கழுவிய பின்னரும் இருவரும் கண்டவை போதுமானவையாக இருந்தன. அழுக்கு மரத்தரையில் கொட்டிக் கிடந்த இறைச்சியை மண்வாரியால் அள்ளினார்கள். வேலைத்தளத்துக்குப் பக்கத்திலேயே இருந்த மலசலகூடங்களில் கை கழுவ வசதியில்லை. வெட்டிக் கழுவிய ஒரு பன்றி கம்பியிலிருந்து கழன்று விழுந்து மலசலகூடத்துக்குள் பாதி வழுக்கிப்போனது. இரண்டு பேர் அதைத் தூக்கி, கழுவாமலே மற்றவற்றோடு தொங்கவிட்டார்கள். அவ்வளவும் பரிசோதகர்களின் கண்முன்னே நடந்தது.

சின்கிளேயர் பொறுமையாக இருக்கவில்லை. வெள்ளை மாளிகைக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம், தந்திக்கு மேல் தந்தி அனுப்பினார். அறிக்கையை வெளியிடாமல் இழுத்தடிக்கிறார்கள் என்று கண்டதும் தன்னிடமிருந்த தகவல்களை நியூயோர்க் டைம்ஸுக்குக் கொடுத்தார். சின்கிளேயரை வீட்டுக்குப் போகச் சொல்லி, நாட்டைக் கொஞ்ச நேரம் தன்னை ஆளவிடுமாறு ரூஸ்வெல்ட் பதிப்பாளரிடம் சொல்லியனுப்பினார் என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார்.

செனட்டர் அல்பேர்ட் பெவரிட்ஜ் கொண்டுவந்த மசோதா செனட்டில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. கீழ்ச்சபையில் நிறுவனங்களுக்கு நெருக்கமானவர்கள் அதைத் தேய்த்தார்கள். ரூஸ்வெல்ட் ஜூன் 4ஆம் திகதி அறிக்கையை வெளியிட்டதும் எதிர்ப்புத் தளர்ந்தது, ஆனால் பேரம் முடியவில்லை. பரிசோதனைச் செலவை நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்ற பிரிவு போனது. அதற்கு அரசாங்கம் வருடத்துக்கு 30 இலட்சம் டொலர் ஒதுக்கியது. ரின்னில் திகதி இட வேண்டும் என்ற பிரிவும் போனது. 1906 ஜூன் 30ஆம் திகதி இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும், தூய உணவு மற்றும் மருந்துச் சட்டமும் ஒரே நாளில் கையெழுத்தாகின.

சட்டம் சிறிதல்ல. அதுவரை பரிசோதனை பெரும்பாலும் ஏற்றுமதி இறைச்சிக்கே இருந்தது. இனி மாநில எல்லை தாண்டும் எந்த இறைச்சியும், விலங்கு உயிரோடு நிற்கும்போது ஒரு தரமும் அறுத்த பின்னர் இன்னொரு தரமும் அரச பரிசோதகரின் கண்ணில் பட வேண்டும். ஆலைகளுக்குச் சுகாதார விதிகள் வந்தன. கழிக்கப்பட்ட இறைச்சியை அழிக்க வேண்டும் என்றானது. இன்று உலகெங்கும் இறைச்சியில் குத்தப்படும் முத்திரைக்குப் பின்னால் நிற்கும் நடைமுறையும் இதுவே.

அவரது கணக்கு

மற்றவர்கள் கொண்டாடியபோது சின்கிளேயர் கசந்துபோனார். மக்களின் இதயத்தைக் குறிவைத்த அம்பு தவறி அவர்களது வயிற்றில் தைத்தது என்ற பொருளில் அவர் எழுதியது பிற்காலத்தில் அவரோடு ஒட்டிக்கொண்டது. வேலை நேரம் குறையவில்லை. வரிசையின் வேகம் குறையவில்லை. விரல் இழந்தவனுக்கு நட்டஈடு வரவில்லை. உண்பவரின் வயிறு காக்கப்பட்டது, அதற்கான செலவையும் பொதுமக்களே கொடுத்தார்கள். பெரும் நிறுவனங்களுக்கோ அரச முத்திரை இலவச விளம்பரமாகி, இழந்த ஐரோப்பியச் சந்தையை மீட்டுக் கொடுத்தது. சிக்காகோத் தொழிலாளர்களின் நிலைமை மாறத் தொடங்கியது 1930களின் இறுதியில் அவர்கள் தொழிற்சங்கமாகத் திரண்ட பின்னர்தான்.

நூல் தந்த பணத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை. பல குடும்பங்கள் சேர்ந்து சமைத்து, சேர்ந்து பிள்ளை வளர்க்கும் கூட்டு இல்லம் ஒன்றை நியூஜேர்சியில் அமைத்தார். ஆறு மாதம்கூட முடியாமல் 1907 மார்ச்சில் அது தீயில் எரிந்துபோனது. பிறகும் எழுதினார். நிலக்கரி, எண்ணெய் என்று ஒவ்வொரு தொழிலாக எடுத்தார். விளம்பரப் பணம் பத்திரிகைகளின் வாயை எப்படி அடைக்கிறது என்று எழுதிய 'த பிராஸ் செக்' நூலைத் தானே அச்சிட்டு விற்றார். துறைமுகத் தொழிலாளர் போராட்டத்தில் அமெரிக்க அரசியலமைப்பின் உரிமைப் பிரிவை வாசித்ததற்காக 1923இல் கைதானார். 1934இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். 1943இல் புலிட்சர் பரிசு பெற்றார். ஏறத்தாழ தொண்ணூறு நூல்கள். ஆனாலும் எங்கு போனாலும் அவரை இறைச்சி எழுத்தாளர் என்றே அறிமுகப்படுத்தினார்கள்.

1906 சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒரே மாநிலத்துக்குள் அறுத்து அங்கேயே விற்கப்படும் இறைச்சியை அது தொடவில்லை. நிக் கொட்ஸ் என்ற செய்தியாளர் 1960களில் அந்த ஆலைகளின் அழுக்கைத் தொடர்ந்து எழுதினார். அறுபத்தொரு வருடங்களின் பின்னர், 1967 டிசம்பர் 15ஆம் திகதி, ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் அந்த ஓட்டையை அடைக்கும் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டபோது, சக்கர நாற்காலியில் ஒரு முதியவர் வெள்ளை மாளிகையில் இருந்தார். அது 89 வயதுச் சின்கிளேயர். அடுத்த வருடம் நவம்பர் 25ஆம் திகதி நியூஜேர்சியில் காலமானார்.

அவர் இறந்த பின்னரும் அந்தக் கணக்கு முடியவில்லை. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, மூக்கால் மணந்து செய்யும் பரிசோதனைக்குப் பக்டீரியா அகப்படாது. 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹம்பேகரில் இருந்த ஈகோலை கிருமியால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்று, நான்கு சிறுவர்கள் இறந்தார்கள். அதன் பின்னரே 1996இல் ஒவ்வொரு படியிலும் ஆபத்தைக் கணித்துத் தடுக்கும் முறையும் கிருமிப் பரிசோதனையும் கட்டாயமாயின. 2020இல் கொவிட் வந்தபோது அமெரிக்காவின் இறைச்சி ஆலைகள் தொற்றின் பெரும் மையங்களாயின. தோளோடு தோள் உரசி வரிசையில் நிற்பவர்கள், காய்ச்சல் என்று வீட்டில் இருந்தால் கூலி இழப்பவர்கள் அங்கு வேலை செய்தார்கள். அதே வருடம் ஒக்டோபரில் நமது பேலியகொட மீன் சந்தைக் கொத்தணியையும் நாம் பார்த்தோம். மீனில் பிழை இருக்கவில்லை. அதைத் தூக்கியும் வெட்டியும் விற்றவர்களின் நெருக்கடியான வேலைக்குள்ளால்தான் நோய் பரவியது.

திரும்பிப் போனபோது

இலங்கையில் இறைச்சி வெட்டுவோருக்கான 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது, சின்கிளேயரின் சட்டத்துக்கு 13 வருடங்கள் முன்னதாக. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். ஆனால் வயிற்றில் காயமோ காய்ச்சலோ உள்ள ஒருவர் அன்றைய கூலிக்காக அதை மறைத்துக்கொண்டு கத்தியைத் தூக்கும் வரை, முத்திரையால் மட்டும் எங்கள் இறைச்சி சுத்தமாகிவிடாது. அவரது சுகமும் எங்கள் சுகமும் ஒரே மேசையில்தான் வெட்டுப்படுகின்றன. 1906இல் அமெரிக்கர்கள் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். என் வாசகர்களும் அதைத்தான் செய்தார்கள். தலைப்பிலும் படங்களிலும் இறைச்சியை மட்டும் வைத்து அதற்கு வழிவிட்டவன் நான்.

கடந்த மாதம் அந்தக் கொல்களத்துக்குத் திரும்பவும் போனேன். முத்திரை இப்போது நேரத்துக்குக் குத்தப்படுகிறது. இறைச்சி கொளுக்கியில் தொங்குகிறது. சுவர் பளிச்சென்று இருக்கிறது. அண்ணை அதே செருப்போடு நின்றார். பழைய சீமெந்துத் தரை சொரசொரப்பாக இருந்தது, இந்த மாபிளில் இரத்தம் பட்டால் கால் நிற்காது என்றார். இரண்டு தரம் விழுந்திருக்கிறார். ஒரு தரம் கையில் கத்தி இருந்திருக்கிறது. தையல் போட்ட இடத்தைக் காட்டினார்.

முதல் கட்டுரையைப் பற்றி நான் வருத்தம் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, தண்ணீர் இப்போது வடிந்தோடுவது நல்லதுதான் என்றார். திரும்பவும் எழுதுவதானால் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வேலை செய்யும் ஆறு பேருக்கும் வழுக்காத றப்பர் பூட்ஸ் ஒவ்வொரு சோடி வேண்டும் என்று எழுதச் சொன்னார். தன்னுடைய கால் ஒன்பதாம் அளவு என்றும் சொன்னார்.